1962 இந்திய-சீனப் போர்: எந்த நூலை முதலில் எடுப்பது, எதை எப்போது படிப்பது

1962 போரைப் பற்றி நூல்களுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் என்னவென்றால், அவற்றில் முக்கியமான பலவற்றை எழுதியவர்கள் அந்தத் தோல்வியின் பழியில் ஒரு பங்கைச் சுமந்தவர்கள். களத்தில் சிறைப்பட்ட பிரிகேடியர், பொறுப்பிலிருந்து இறங்கிய ஜெனரல், உளவுத்துறைத் தலைவர், ராணுவத் தலைமையகத்தின் நடவடிக்கை இயக்குநர் என ஆளுக்கொரு நூல் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் தாம் கண்டதைச் சொல்கிறார்கள், கூடவே தம் மேல் பட்ட கறையையும் துடைத்துக்கொள்கிறார்கள். கையில் முதலில் கிடைத்த நூலை மட்டும் படித்து நிறுத்திவிட்டால், வாசகர் அந்த ஆசிரியருக்காக வாதாடுகிறவராக மாறிவிடுவார். ஒருவர் சொன்னதற்கு அடுத்தவர் பதில் சொல்லும்படி நூல்களை அடுக்கிப் படித்தால் இந்த ஆபத்து பெருமளவு நீங்கும். அந்த வரிசையையும் படிக்கும் முறையையும் கீழே தருகிறோம்.

நூலைத் திறக்கும் முன்

ஒரு வரைபடமும் ஒரு நோட்டும் வேண்டும். வரைபடம் இல்லாமல் இந்தப் போரைப் படிக்க முடியாது. போர் நடந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்கும் இரண்டு களங்களில். மேற்கே லடாக்: அக்சாய் சின், சிப் சாப் பள்ளத்தாக்கு, கல்வான், பாங்காங் ஏரி, சுஷுல், ரெசாங் லா. கிழக்கே அன்றைய நெஃபா: நம்கா சூ ஆறு, தக் லா முகடு, தவாங், சே லா, பொம்டிலா, கிழக்குக் கோடியில் வாலோங். இந்தப் பன்னிரண்டு இடங்களையும் நீங்களே ஒரு தாளில் குறித்து, நூலுக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். நெஃபா என்ற பெயர் 1972இல் அருணாசலப் பிரதேசமாக மாறியதால், பழைய நூல்களில் அருணாசலம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

இடப்பெயர்தான் புதிய வாசகர்களை அதிகம் தடுமாற வைக்கிறது. போருக்குத் திரியான டோலா காவல்சாவடியையே எடுத்துக்கொள்வோம். 1962 ஜூனில் அசாம் ரைஃபிள்ஸ் அதை அமைத்தது நம்கா சூ கரையில், சே டோங் என்ற இடத்தில். டோலா கணவாய் அதற்குத் தெற்கே வேறோரிடத்தில் இருக்கிறது. ஒரு நூல் டோலா என்கிறது, இன்னொன்று சே டோங் என்கிறது, இரண்டும் சொல்வது ஒரே சாவடியைத்தான். இது தெரியாதவர் இரண்டு மோதல்கள் நடந்ததாக எண்ணிக்கொள்வார்.

நோட்டில் பக்கத்துக்கு நான்கு பத்தி பிரியுங்கள்: தேதி, இடம், என்ன நடந்ததாகச் சொல்கிறார், அது அவருக்கு எப்படித் தெரியும். உயிர் நான்காவது பத்தியில்தான் இருக்கிறது. கண்ணால் கண்டதா, அருகில் இருந்தவர் சொன்னதா, கோப்பில் படித்ததா, பிறகு ஊகித்ததா என்று ஒரு சொல்லில் எழுதினால் போதும். நூறு பக்கம் தாண்டும் முன்பே ஆசிரியரின் பலமும் பலவீனமும் அந்தப் பத்தியில் தெரிந்துவிடும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்தத் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். 1959 மார்ச் 31, தலாய் லாமா இந்திய எல்லைக்குள் வருகிறார். அதே ஆண்டு ஆகஸ்ட் 25 நெஃபாவில் லாங்ஜு மோதல், அக்டோபர் 21 லடாக்கில் கொங்கா கணவாய் மோதல். 1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் சூ என்லாய் டெல்லிக்கு வருகிறார், பேச்சு முறிகிறது. 1961 நவம்பர் 2, முன்னகர்வுக் கொள்கை (இந்தியா உரிமை கோரும் பகுதிக்குள் முன்னேறிச் சாவடி போடுவது) முடிவாகிறது. 1962 செப்டம்பர் 8, சீனப் படை தக் லாவிலிருந்து இறங்கி டோலா சாவடியை நெருக்குகிறது. அக்டோபர் 10, முதலாவது பெரிய மோதல்; அக்டோபர் 20 இரு களங்களிலும் தாக்குதல். ஏறத்தாழ மூன்று வாரம் பெரும்பாலும் அமைதி, நவம்பர் நடுவில் இரண்டாம் சுற்று, நவம்பர் 21இல் சீனாவின் ஒருதலைப்பட்சமான போர்நிறுத்த அறிவிப்பு. போர்நிறுத்தம் 21ஆம் தேதியா 22ஆம் தேதியா என்று நூல்கள் முரண்படுவதற்குக் காரணம், பெய்ஜிங் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது. 22ஆம் தேதி நள்ளிரவு 00:00 என்று அங்கே அறிவித்தது நமக்கு 21ஆம் தேதி இரவு 9:30.

வரிசை

முதலில் பொது வரலாறு ஒன்றில் இந்தப் போருக்கான அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். ராமச்சந்திர குஹாவின் 'இந்தியா ஆஃப்டர் காந்தி' இதற்குப் பொருத்தமானது. கிழக்கு பதிப்பகம் தமிழில் கொண்டுவந்திருப்பதால் ஆங்கிலத்தில் தொடங்கத் தயங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. அதில் தேடவேண்டியது தீர்ப்பை அல்ல, கதையின் எலும்புக்கூட்டை. இரண்டு நாளில் முடிந்துவிடும்.

இரண்டாவது, பிரிகேடியர் ஜான் தால்வியின் 'ஹிமாலயன் பிளண்டர்', 1969இல் வந்தது. நம்கா சூ கரையில் நின்ற 7ஆம் பிரிகேடின் தலைவர் இவர். அக்டோபர் 22இல் சிறைப்பட்டு, 1963 மே மாதம் திரும்பினார். நூல் ஏறத்தாழ 500 பக்கம். பருத்திச் சீருடையும் ஆளுக்குச் சுமார் 50 தோட்டாவுமாகப் படைவீரர்கள் அந்தக் குளிரில் ஏன் நிறுத்தப்பட்டார்கள், சரக்கைப் பாராசூட்டில் போட்டால் எவ்வளவு பள்ளத்தாக்கில் தொலைந்தது, டெல்லியிலிருந்து வந்த ஆணைகளை நிறைவேற்ற எத்தனை நாள் நடை வேண்டும் என்ற கணக்குகளை இவரைப் போல் வேறு யாரும் எழுதவில்லை. போக்குவரத்தும் சரக்கும்தான் போரைத் தீர்மானிக்கின்றன என்பதை ஒரு வாசகர் உடம்பில் உணர இந்த நூல் ஒன்று போதும். படிக்கும்போது ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: நம்கா சூ பற்றி இவர் சொல்வது சாட்சியம், டெல்லியின் அறைகளில் நடந்தவை பற்றிச் சொல்வது பிறகு அறிந்தது. இரண்டையும் ஒரே சூட்டோடு எழுதியிருப்பதால் வாசகர்தான் பிரிக்க வேண்டும்.

மூன்றாவதாக, தால்வி குற்றம் சாட்டுகிறவர்களின் பதில். லெப்டினன்ட் ஜெனரல் பி. எம். கவுலின் 'தி அன்டோல்டு ஸ்டோரி' 1967இலேயே வந்துவிட்டது. 1962 அக்டோபர் தொடக்கத்தில் அவசரமாக உருவாக்கிய 4ஆம் கோரின் (பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்தது கோர்) தலைவர் இவர், களத்தில் நோயுற்று அக்டோபர் 18இல் டெல்லிக்குத் திரும்பியவர். முழு நூலையும் படிக்க வேண்டியதில்லை. 1961 முதல் 1962 முடிய உள்ள அத்தியாயங்கள் போதும். அக்டோபர் 10 மோதலை இவர் நேரில் கண்டார். அந்த ஒரு நாளைத் தால்வியிலும் இவரிலும் அடுத்தடுத்துப் படித்து நோட்டில் எழுதிப் பாருங்கள். இந்த ஒப்பீடு ஒரு மாலை நேரத்தை எடுக்கும், ஆனால் போர் நூல்களைப் படிக்கும் திறமை அதில்தான் வளர்கிறது. இருவருக்கும் இடையில் நின்ற டிவிஷன் தலைவர் நிரஞ்சன் பிரசாத் எழுதிய 'தி ஃபால் ஆஃப் டவாங்' 1981இல் வந்தது. கிடைத்தால் அதே நாளை அதிலும் பாருங்கள்.

நான்காவது, நெவில் மாக்ஸ்வெல்லின் 'இந்தியாஸ் சைனா வார்', 1970. லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் டெல்லி நிருபராக இருந்தவர். இந்தியாவின் பிடிவாதமும் முன்னகர்வுக் கொள்கையுமே போரை வரவழைத்தன என்பது அவர் வாதம். இந்திய வாசகருக்கு இது கசக்கும், அதனாலேயே தவிர்க்கக் கூடாது. எல்லைக் கோட்டின் வரலாறு பற்றிய அவருடைய தொடக்க அத்தியாயங்களைப் படித்த பிறகுதான் நெஃபாவுக்கும் திபெத்துக்கும் இடையே எல்லையாக வரைந்த 1914 மக்மோகன் கோட்டின் சிக்கல் பலருக்குப் புரிகிறது. வரைபடத்தில் கோடு இழுத்தபடி பார்த்தால் தக் லா முகடு கோட்டுக்கு வடக்கே போகிறது, நீர்ப்பிரிமுகடுதான் எல்லை என்ற கொள்கைப்படி பார்த்தால் அதே முகடுதான் எல்லை. இந்தியா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. இந்த நூலின் குறை எங்கே? இந்தியாவின் ரகசிய ஆவணங்களை அவர் பார்த்திருந்தார், சீனாவின் உள் ஆவணங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இந்திய முடிவுகளின் உட்புறத்தைத் துருவிய அவர், சீன முடிவுகளுக்குச் சீனா வெளியே சொன்ன காரணத்தையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். ஒரு தரப்பின் வயிற்றையும் மறுதரப்பின் சட்டையையும் பார்த்து எழுதிய நூல் என்று மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஐந்தாவது, ஸ்ரீநாத் ராகவனின் 'வார் அண்ட் பீஸ் இன் மாடர்ன் இந்தியா', 2010. பழி சுமக்காத தலைமுறை எழுதியது. ஆசிரியர் முன்பு தரைப்படை அதிகாரி, பிறகு வரலாற்றாய்வாளர். சீனா பற்றிய அத்தியாயங்கள் கடைசியில் வருகின்றன, அவற்றுக்கு மட்டும் தாவிவிடாதீர்கள். 1948 ஹைதராபாத், காஷ்மீர் ஆகியவற்றில் நேரு எப்படி முடிவெடுத்தார் என்று முன்னால் காட்டிவிட்டுத்தான் 1962க்கு வருகிறார். போருக்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் ஒரு வழியை நேரு எப்போதும் தேடினார், முன்னகர்வுக் கொள்கையும் அப்படிப் பிறந்ததே என்ற வாதம் முந்தைய அத்தியாயங்கள் இல்லாமல் நிற்காது. ஒரே நூல்தான் படிக்க முடியும் என்பவருக்கு நாங்கள் சொல்வது இதை. இரண்டு என்றால் இதோடு தால்வி.

ஆறாவது, சீனத் தரப்பு. ஜான் கார்வர் 2006இல் ஒரு தொகுப்பு நூலுக்கு எழுதிய நீண்ட கட்டுரையும் டெய்லர் ஃபிராவலின் 'ஸ்ட்ராங் பார்டர்ஸ், செக்யூர் நேஷன்' நூலும் சீன மொழிச் சான்றுகளைக் கொண்டு எழுதியவை. கார்வரின் முடிவு மாக்ஸ்வெல்லுக்கு நல்ல எதிர்முனை. திபெத்தைப் பிடுங்க இந்தியா விரும்புகிறது என்று மாவோவும் அவர் கூட்டாளிகளும் நம்பியது பெரும்பாலும் தவறு, முன்னகர்வுக் கொள்கையை அவர்கள் புரிந்துகொண்டது ஏறக்குறைய சரி என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்து மாக்ஸ்வெல்லை மறுபடி புரட்டினால், முதல் தடவை கண்ணில் படாத ஓட்டைகள் படும்.

இதற்கு மேல் போகிறவர்களுக்கு: உளவுத்துறைத் தலைவர் முல்லிக்கின் 'தி சைனீஸ் பிட்ரேயல்' (1971), ராணுவ நடவடிக்கை இயக்குநராக இருந்த பாலித்தின் 'வார் இன் ஹை ஹிமாலயா' (1991), முடிவெடுத்தவர்களைப் பேட்டி கண்டு ஸ்டீவன் ஹாஃப்மன் எழுதிய 'இந்தியா அண்ட் தி சைனா கிரைசிஸ்' (1990). நேருவின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளில் எழுதிய சர்வபள்ளி கோபால் சென்னையில் பிறந்தவர், வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவில் இருந்து எல்லை ஆவணங்களைத் திரட்டியவரும் அவரே. மூன்றாம் தொகுதியில் எல்லைக் கோரிக்கை பற்றி வரும் பக்கங்களை, அந்தக் கோரிக்கையைக் கட்டியெழுப்புவதில் பங்கெடுத்தவரின் பக்கங்களாகவே படியுங்கள்.

ஒரு முடிச்சை நூல் நூலாகப் பிரிப்பது

மேலே சொன்ன முறை கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பயிற்சி. 1961 நவம்பர் 2 கூட்டத்தில் எடுத்த முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதி, முடிந்தவரை முன்னால் போய்ச் சாவடி போடு என்பது. இன்னொரு பகுதி, அந்தச் சாவடிகளுக்குத் துணையாகப் பின்னால் பெரும் படையைத் திரட்டு என்பது. டிசம்பர் 5இல் ராணுவத் தலைமையகம் கீழே அனுப்பிய ஆணையில் முதல் பகுதி இருந்தது, இரண்டாவது விடுபட்டது. பின்பலமில்லாத சாவடிகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

யார் விட்டது, ஏன் விட்டது? முல்லிக், கவுல், மாக்ஸ்வெல், பாலித், ராகவன் ஐவரிடமும் பொருளடைவில் இந்தத் தேதியைத் தேடி, அந்தப் பக்கங்களை மட்டும் ஒரே அமர்வில் படியுங்கள். நம்மவர் ஒரு டஜன் பேர் இருக்கும் இடத்துக்குக்கூடச் சீனர்கள் வரமாட்டார்கள் என்ற பொருளில் 1961 செப்டம்பரில் உளவுத்துறை தந்த குறிப்பை யார் எடுத்துக்காட்டுகிறார், யார் மெல்லக் கடந்து போகிறார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எதைச் சொல்லாமல் விட்டார் என்பது ஐந்து நூல்களை அருகருகே வைத்தால்தான் தெரியும்.

கடையில் புதிய 1962 நூல் ஒன்றைப் பார்த்தால் வாங்கலாமா வேண்டாமா என்பதற்கும் இதே வழி. பொருளடைவில் நான்கைத் தேடுங்கள்: 1954இல் இந்திய வரைபடங்களில் அக்சாய் சின் எல்லை உறுதிக்கோடாக மாறியது, 1961 நவம்பர் 2 கூட்டம், 1962 அக்டோபர் 12இல் இலங்கைக்குப் புறப்படும்போது நேரு நிருபர்களிடம் சொன்னது, நவம்பர் 19இல் கென்னடிக்கு அவர் எழுதிய இரு கடிதங்கள். நான்கும் இல்லாத நூல் வீரக்கதைத் தொகுப்பாக இருக்கும். அப்படிப்பட்ட நூலுக்கும் இடம் உண்டு, ஆனால் போர் ஏன் வந்தது என்பதற்கு அதில் விடை தேடக் கூடாது. பொருளடைவே இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள்.

எங்கே தவறுகிறது

ஹென்டர்சன் புரூக்ஸ்-பகத் அறிக்கையை இறுதித் தீர்ப்பாக எண்ணுவது மிகப் பரவலான தவறு. லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பி. எஸ். பகத்தும் 1963இல் கொடுத்த அந்த அறிக்கையை அரசு வெளியிடவில்லை. 2014இல் மாக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றினார், அதிலும் சில பக்கங்கள் இல்லை. படை நடவடிக்கைகளை ஆராய்வதுதான் அவர்களுக்கு இட்ட பணி. டெல்லித் தலைமையகமும் அமைச்சகமும் இயங்கிய விதம் அவர்கள் விசாரணைக்குள் முழுமையாக வரவில்லை. ஆகவே அரசியல் தலைமை குற்றமற்றது என்று இதிலிருந்து நிறுவ முடியாது, எல்லாக் குற்றமும் அதனுடையதே என்றும் நிறுவ முடியாது. கட்டளைகள் எந்தத் தேதியில் எந்தச் சொற்களில் இறங்கின என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று பொதுவில் இல்லை. அதற்காகப் படியுங்கள்.

அடுத்தது எண்கள். இந்தியத் தரப்பில் வழக்கமாகத் தரும் கணக்கு: இறந்தவர் 1,383, காணாமற்போனவர் 1,696, சிறைப்பட்டவர் 3,968. சில நூல்கள் முதலிரண்டையும் கூட்டி மூவாயிரத்துக்கு மேல் மாண்டனர் என்கின்றன, சில முதல் எண்ணோடு நிற்கின்றன. இரண்டு ஆசிரியர்களும் ஒரே பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். எதிரி இழப்பு பற்றிய எண்ணை எந்த நாட்டு நூலிலும் தனியாகக் குறித்துவையுங்கள். நவம்பர் 18இல் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் நின்ற 13 குமாவோனின் கம்பெனியில் ஏறத்தாழ 120 பேர் இருந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தார்கள். அது பெயர்ப் பட்டியலோடு நிற்கும் உண்மை. அவர்கள் எத்தனை சீனரை வீழ்த்தினார்கள் என்பதற்கு நூலுக்கு நூல் எண் மாறுகிறது. அந்த வீரர்களின் தியாகத்துக்கு அந்த எண் தேவையுமில்லை.

படைப்பிரிவுகளின் பெயர் எழுதும் முறை சிலரை முதல் அத்தியாயத்திலேயே விரட்டிவிடுகிறது. 2 ராஜ்புட் என்றால் ராஜ்புட் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன். 1/9 கூர்க்கா என்றால் ஒன்பதாம் கூர்க்கா ரைஃபிள்ஸின் முதல் பட்டாலியன். கம்பெனி நூற்றுச்சொச்சம் பேர், பட்டாலியன் காகிதத்தில் எண்ணூறு பேர், மூன்று பட்டாலியன் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு பிரிகேடு. நம்கா சூவில் 2 ராஜ்புட்டின் பலம் ஐந்நூற்றுச்சொச்சம்தான். 'ஒரு பட்டாலியனை அனுப்பினார்கள்' என்று படிக்கும் இடத்திலெல்லாம் உண்மையில் எத்தனை பேர் என்று தேடுங்கள்.

வெளியான ஆண்டைப் பார்க்காமல் படிப்பதும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். நவம்பர் 19இல் நேரு கென்னடியிடம் போர் விமானங்கள் கேட்டு எழுதிய கடிதங்களின் முழு வடிவம் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. 1970க்கு முந்தைய நூல் அதைப் பேசவில்லை என்றால் மறைத்தது என்று பொருளல்ல.

கிடைக்கும் இடமும் மூல ஆவணங்களும்

தால்வி, மாக்ஸ்வெல், ராகவன் மறுபதிப்பில் கிடைக்கின்றன. கவுலும் முல்லிக்கும் பழைய புத்தகக் கடையில் தற்செயலாக அகப்பட்டால் உண்டு. 1954 சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களைப் பெறும் நூலகங்களில் சென்னைக் கன்னிமாராவும் ஒன்று. கவுல், முல்லிக் நூல்கள் இரண்டுமே பம்பாயில் வெளியானவை என்பதால் முதலில் அங்கே அட்டவணையைப் பாருங்கள், பிறகு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்.

நூல்களை முடித்தவர் மூல ஆவணத்துக்கு வர அஞ்ச வேண்டியதில்லை. இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை வெளியுறவு அமைச்சகம் 1959 முதல் வெள்ளை அறிக்கைகளாக வெளியிட்டது. முழுவதும் படித்தால் சலித்துவிடும். ஏழாவது அறிக்கையை எடுத்து 1962 ஜூலை முதல் அக்டோபர் வரையான குறிப்புகளை மட்டும் தேதி வரிசையில் படியுங்கள். அதே வாரங்களைத் தால்வியிலும் திறந்து வையுங்கள். மேலே சொற்கள் சூடேறும் வேகமும் கீழே கோவேறு கழுதைகள் ஏறும் வேகமும் ஒரே மேசையில் தெரியும். நேருவின் எழுத்துத் தொகுப்பின் இரண்டாம் வரிசையும் நாடாளுமன்ற விவாதங்களும் இணையத்தில் இலவசமாக உள்ளன.

போரின் அரசியல் விளைவைத் தொடர விரும்புகிறவர்களுக்கு இரண்டு வாசல்கள் தமிழர்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. ஒன்று, 1962 டிசம்பர் 10 முதல் 12 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க கூட்டிய ஆறு நாடுகளின் கொழும்பு மாநாடு. அதன் பரிந்துரைகள் எட்டாவது வெள்ளை அறிக்கையை அடுத்து வரும் ஆவணங்களில் பேசப்படுகின்றன. மற்றொன்று, பிரிவினை கேட்போர் தேர்தலில் நிற்பதைத் தடுத்த பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம். 1963 ஜனவரி மாநிலங்களவை விவாதத்தில் அண்ணா அதை எதிர்த்துப் பேசியதையும், அதே ஆண்டில் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதையும் 1962 அக்டோபர் செய்தித்தாள்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நோட்டின் நான்காவது பத்தியை அப்போதும் விட்டுவிடாதீர்கள்.